இரண்டாவது தேள்

"ஒரு தேள் இருக்குண்ணா. ரெண்டாவதா எந்த வகை வாங்கலாம்?"

சிரிக்காதீர்கள். நிஜமாகவே கேட்கிறார்கள். கேட்டவர் அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ இல்லை, நம்ம வல்லத்தில் இருக்கிறார். தஞ்சாவூர் பக்கத்து வல்லம் இல்லை, செஞ்சி பக்கத்து வல்லம். வேர்க்கடலையை 'மல்லாட்டை' என்று சொல்கிற விழுப்புரம் ஜில்லா.

வீட்டுக் கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி. ஒரு காலத்தில் தங்கமீன் நீந்திய தொட்டி. இப்போது அதில் தேங்காய் நார்த்தூள், ஓர் உடைந்த ஓடு, பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர். ஓட்டுக்கு அடியில் கன்னங்கரேலென்று ஒரு பிராணி. 'எம்பரர் ஸ்கார்ப்பியன்' என்று பெருமையாக அறிமுகம் செய்கிறார்கள். சக்கரவர்த்தித் தேள்! மேற்கு ஆப்பிரிக்கக் காட்டுப் பிரஜை.

எங்கே வாங்கினீர்கள் என்றால், "ஒருத்தர்கிட்ட..." என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. தேள் கொட்டிய திருடன் கதையில் கூட இவ்வளவு மௌனம் கிடையாது.

நான் பி.காம் படித்தவன். விலங்கியலில் பாஸ் மார்க் வாங்குவதே சந்தேகம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விலங்கியல் கொஞ்சம் போதும். கணக்குப் பதிவியல்தான் நிறைய வேண்டும். அதனால் தைரியமாகப் பதில் சொல்கிறேன்: எந்த வகையும் வேண்டாம். இரண்டாவது தேளே வேண்டாம். காரணங்களைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

முதல் தேளை ஒருத்தர் ஏன் வாங்குகிறார் என்பது எனக்குப் புரிகிறது. ஆர்வம். தேள் சாதாரணப் பிராணி இல்லை. டைனோசர்கள் தலைகாட்டுவதற்கு முன்பே, நாற்பது கோடி வருஷங்களுக்கு முன்பே, இந்த பூமியில் குடியேறியவர். எட்டுக் கால். பூச்சி வகையே இல்லை, சிலந்தியின் பங்காளி. வயிற்றுக்கு அடியில் சீப்பு மாதிரி ஓர் உறுப்பு. அதை வைத்துத் தரையை மோப்பம் பிடிப்பார். முட்டையிடும் வழக்கம் இல்லை, குட்டிதான். வெள்ளை வெளேரென்று பிறக்கிற குட்டிகள், முதல் சட்டை உரிக்கிற வரைக்கும் அம்மாவின் முதுகில் சவாரி செய்யும். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் உடம்பெல்லாம் பச்சையும் நீலமுமாக ஜொலிக்கும். எதற்காக அப்படி ஒளிர்கிறது என்று விஞ்ஞானிகள் இன்னமும் விவாதம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஒரு ஜீவனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை வருவது தப்பே இல்லை. சிக்கல் இரண்டாவது தேளில் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது ஏன் தேவைப்படுகிறது? யோசித்துப் பாருங்கள். தேள் பகலெல்லாம் ஓட்டுக்கு அடியில் அசையாமல் கிடக்கும். எஜமானர் தூங்கின பிறகு கொஞ்ச நேரம் வெளியே வரும். சில நாளைக்கு ஒரு பாச்சை போதும். மாதக்கணக்கில் பட்டினி கிடக்கச் சொன்னாலும் கிடக்கும். உடம்பு அவ்வளவு சிக்கனமாக ஓடுகிறது. வாலாட்டாது. கூப்பிட்டால் வராது. உங்களுக்கும் சுவரில் மாட்டின காலண்டருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

விளைவு? மூன்று மாதத்தில் போரடித்துவிடும். அந்தப் பிராணியின் இயல்பே அதுதான் என்று பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பவர்கள் சிலர். மற்றவர்கள் அடுத்ததைத் தேடுவார்கள்.

பொருளாதாரத்தில் ஒரு விதி சொல்லிக்கொடுப்பார்கள். முதல் லட்டு தருகிற சந்தோஷத்தை இரண்டாவது லட்டு தராது, மூன்றாவது திகட்டும் என்று. குறைந்து செல் பயன்பாட்டு விதி. சேகரிப்புக்காரர்களிடம் மட்டும் இந்த விதி செல்லாது. அவர்களுக்கு முதல் லட்டு தட்டில் அப்படியே இருக்கும். கண் அடுத்த லட்டின் மேல். முதல் தேளை வாங்கியது ஆர்வம். இரண்டாவதை வாங்குவது பட்டியல். பட்டியலுக்கு முடிவு கிடையாது.

இந்தப் பட்டியலில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. எல்லாம் உண்டு. முதல் தேள் 'ஆரம்பக்காரர்களுக்கு'. பெரிய உடம்பு, தடித்த கொடுக்கு, நிதானமான நடை, குளவி கொட்டின அளவுக்கு விஷம். எம்பரர் அந்த வகுப்பு. அடுத்த வகுப்பில்? வேகமானது, கலரானது, ஆபத்தானது. வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியப் பாலைவனங்களின் மஞ்சள் தேள் - அங்கே அதற்கு 'மரண வேட்டைக்காரன்' என்ற அர்த்தத்தில் ஆங்கிலப் பெயர். அப்புறம் தடித்த வால் தேள். மனிதர்களைக் கொல்லக்கூடிய தேள்களின் பட்டியலில் முதல் பெஞ்சில் உட்காருகிறவை இவை. அதாவது இந்தப் பள்ளிக்கூடத்தில் புரமோஷன் என்பதே விஷத்தை வைத்துத்தான்.

சரி, அப்படி ஒரு மஞ்சள் தேளை யாரோ ஒருத்தர் வல்லத்துக்கு வரவழைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாள் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது கொட்டிவிடுகிறது. செஞ்சி அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு. டாக்டர் என்ன செய்வார்? இந்தியாவில் தயாராகிற தேள் விஷமுறிவு மருந்து நம்ம ஊர் செந்தேளின் விஷத்துக்காகச் செய்யப்பட்டது. ஆப்பிரிக்காத் தேளுக்கான மருந்து ஆப்பிரிக்காவில் இருக்கும், அரேபியாவில் இருக்கும். தேளை கூரியரில் வாங்கியவர் மருந்தையும் சேர்த்தா ஆர்டர் செய்திருப்பார்?

கொட்டு வாங்குவது எப்போதும் வாங்கினவரும் இல்லை. தொட்டியின் மூடியைத் திறக்கிற நாலு வயசுக் குழந்தையோ, வீடு பெருக்க வருகிற அம்மாவோ கூட இருக்கலாம். அவர்கள் யாரும் பட்டியல் போடவில்லை.

நம்ம ஊர் செந்தேள் என்றேன். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கட்டுரையின் கோபம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

1798-ல் டென்மார்க் விஞ்ஞானி ஃபாப்ரீசியஸ் இந்தத் தேளுக்கு அறிவியல் பெயர் வைத்தார். பெயரின் பின்பாதி 'தமுலஸ்'. ஆமாம், தமிழ்தான்! உலகத்தின் மிக ஆபத்தான தேள்களில் ஒன்று நம் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. சின்ன உடம்பு. மெலிந்த கொடுக்கு. செம்பழுப்பு நிறம். கல்லுக்கு அடியில், வரப்பு ஓரத்தில், விறகுக் கட்டில், ஓட்டு வீட்டுச் சுவரில் இருக்கும். பக்கத்தில் பயமுறுத்துகிற சைஸில் கறுப்பாக ஒருத்தர் இருப்பார். நட்டுவாக்காலி என்போம். பார்க்கத்தான் பயங்கரம், பெரும்பாலும் வலியோடு போய்விடும். ஆளைச் சாய்ப்பது இந்தச் சின்னவர்தான்.

செந்தேள் கொட்டினால் வலி மட்டும் இல்லை. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டும். வாந்தி வரும். கை கால் சில்லிட்டுப் போகும். இதயம் தாறுமாறாக அடிக்கும். கடைசியில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். குழந்தைகள்தான் அதிகம் பலியாவது. ஜிப்மரின் குழந்தைகள் பிரிவு டாக்டர்கள் பல வருஷங்களாக இதைப் பற்றி மருத்துவக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். சும்மா எழுதவில்லை. சுற்றுவட்டாரத்திலிருந்து அப்படிக் குழந்தைகள் வந்துகொண்டே இருந்ததால் எழுதினார்கள்.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். மகாராஷ்டிராவில் ராய்கட் மாவட்டத்து மஹாட் ஊர்க்காரர்களின் டாக்டர். 1970-களில் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கண் எதிரே தேள் கொட்டிக் குழந்தைகள் சாவதைப் பார்த்துவிட்டு, நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ராத்திரி பகலாக உட்கார்ந்து குறிப்பெடுத்தார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பிரசோசின் என்ற சாதாரண மாத்திரை இந்த விஷத்தின் விளைவுகளை முறிக்கிறது என்று கண்டுபிடித்தார். கடுமையான தேள்கடியில் நூற்றுக்கு நாற்பது வரை இருந்த சாவு, நூற்றுக்கு ஒன்று என்கிற அளவுக்கு இறங்கியது. 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அவருடைய மஹாட் தாலுகாவில்தான் சிவாஜியின் தலைநகரமான ராய்கட் கோட்டை இருக்கிறது. 1689-ல் அந்தப் பக்கம் முகலாயப் படை சூழ்ந்தபோது சிவாஜியின் மகன் ராஜாராம் தப்பி வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? நம்ம செஞ்சி! 2025 ஜூலையில் யுனெஸ்கோ அறிவித்த மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ராய்கட்டும் உண்டு, செஞ்சியும் உண்டு. பன்னிரண்டில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். இரண்டு ஊருக்கும் கோட்டையும் பொது, கல்லும் பொது, கல்லுக்கு அடியில் இருக்கிற செந்தேளும் பொது.

உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனதுக்குச் செஞ்சியில் பட்டாசு வெடித்திருந்தால் அது நியாயம்தான். அதே செஞ்சியைச் சுற்றி மல்லாட்டை பிடுங்குகிற, கல் உடைக்கிற, விறகு பொறுக்குகிற பெண்கள், குனிகிற ஒவ்வொரு தடவையும் தேளைப் பார்த்துக் குனிகிறார்கள். அவர்கள் யாரும் தேளைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேள்தான் அவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. தேளே இல்லாத ஒரு ராத்திரி கிடைத்தால் போதும் என்று அவர்கள் பாயை உதறிப் போட்டுப் படுக்கிற அதே ஊரில், பக்கத்துத் தெருவில் ஒருத்தர், 'ரெண்டாவதா எது வாங்கலாம்?' என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். இந்த வசதிக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பொழுதுபோக்கு என்று வைக்க மனசு வரவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம்.

கணக்குப் பதிவியலில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது: உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. ஓர் இடத்தில் ஒன்று வந்து சேர்ந்தால், இன்னோர் இடத்தில் ஒன்று குறைந்திருக்க வேண்டும். உங்கள் தொட்டிக்குள் ஒரு சக்கரவர்த்தி வந்திருக்கிறார். சரி, எந்த அரண்மனை காலி?

கானா, டோகோ, பெனின் என்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் இருந்து எம்பரர் தேள்களைக் கூடை கூடையாகப் பிடித்து மேலை நாட்டுக் கடைகளுக்கு அனுப்பினார்கள். நிலைமை மோசமாகிவிடக் கூடாது என்றுதான் 1995-லேயே 'சைட்டீஸ்' என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். காரணம், தேள் கொசு மாதிரி பெருகுகிற ஜாதி இல்லை. எம்பரர் கர்ப்பம் தாங்குவதே ஏழு மாதத்துக்கு மேல். குட்டி வயதுக்கு வரச் சில வருஷங்கள். ஒரு கல்லைப் புரட்டி ஒரு தாயை எடுத்துவிட்டால், அந்த இடம் மறுபடி நிரம்ப ரொம்ப நாளாகும். பிடிக்கிறவர் கல்லைத் திரும்ப ஒழுங்காக வைப்பதும் கிடையாது. தேளோடு வீடும் போச்சு.

தேளுக்கு மட்டுமா இந்தக் கதி? 2021 ஜூலை தொடக்கத்தில் சென்னை விமான நிலையச் சுங்கத் துறை ஒரு செய்தி வெளியிட்டது. போலந்து நாட்டிலிருந்து தபாலில் ஒரு பார்சல். பிரித்துப் பார்த்தால் சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளிக் காகிதம், பஞ்சு. அதற்குள் உயிரோடு சிலந்திகள். மொத்தம் 107! மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து டாரன்டுலா வகைகள். பார்சலில் இருந்த முகவரி பெங்களூரோ மும்பையோ இல்லை, நம் அருப்புக்கோட்டை! இறக்குமதி உரிமம் இல்லை, சுகாதாரச் சான்றிதழ் இல்லை. திருப்பி அனுப்பச் சொல்லித் தபால் துறையிடம் ஒப்படைத்தார்கள். மெக்ஸிகோவில் பூர்வீகம், போலந்தில் பேக்கிங், அருப்புக்கோட்டையில் டெலிவரி. மனிதர்கள் கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்த நேரத்தில் சிலந்திகள் உலகம் சுற்றியிருக்கின்றன.

2020 ஜனவரியில் கொழும்பு விமான நிலையத்தில் சீனாவுக்குப் போக இருந்த ஒரு பயணியின் பெட்டியில் உயிருள்ள தேள்கள் 200. பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்திருந்தார். ஒரு லட்சம் இலங்கை ரூபாய் அபராதம். 2025-ல் கென்யாவில் இரண்டு பெல்ஜியம் பையன்கள் மாட்டினார்கள். வயது பத்தொன்பது. கையில் சுமார் 5,000 ராணி எறும்புகள்! ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் ஒரு வருஷம் ஜெயில் என்று கோர்ட் சொன்னது. எறும்பு வளர்ப்பதும் ஒரு பொழுதுபோக்கு, அதற்கும் உலகச் சந்தை இருக்கிறது என்பது நிறையப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நம் வீட்டிலும் இந்தக் கணக்கு வெளியே போயிருக்கிறது. ஆந்திராவில் குண்டக்கல் பக்கம் குத்தி என்று ஒரு ரயில்வே ஊர். அங்கே ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரு நீலச் சிலந்தியை 1899-ல் அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். அப்புறம் நூறு வருஷம் யாரும் அதைப் பார்க்கவில்லை. 2001-ல் ஆந்திரக் காட்டில் ஒரு சின்னப் பகுதியில் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடித் தொட்டிகளில் அது ஜாலியாக விலைக்குக் கிடைக்கிறது. காட்டிலோ அழிவின் விளிம்பு. 'நம்ம சொத்தைத் திருடிட்டானே' என்று இதற்குக் கோபம் வருகிறதா? வரட்டும். வல்லத்துக் கண்ணாடித் தொட்டியைப் பார்த்து கானாக்காரருக்கும் அதே கோபம் வரும் அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமல். சைட்டீஸ் பட்டியல் பிராணிகளுக்கென்றே நாலாவது அட்டவணை. எம்பரர் தேளும் அந்த வகையறா. 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. வைத்திருப்பவர்கள் 'பரிவேஷ்' என்ற அரசு இணையதளத்தில் ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும் என்றார்கள். அந்தக் கெடு 2024 ஆகஸ்ட்டோடு முடிந்தது. அதற்குப் பிறகு கைக்கு வந்தால் முப்பது நாளுக்குள் பதிய வேண்டும். கை மாற்றினாலும் சொல்ல வேண்டும், குட்டி போட்டாலும் சொல்ல வேண்டும், செத்தாலும் சொல்ல வேண்டும். "ஒருத்தர்கிட்ட வாங்கினேன்" என்பது இந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் பொருந்தாது.

'வெளிநாட்டுத் தேள்தானே வம்பு? உள்ளூர்த் தேளைப் பிடித்துப் போட்டுக்கொள்கிறேன்' என்று ஒரு குறுக்குப் பாதை தோன்றும். செஞ்சியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பாறைதான், பக்கமலைக் காடு வேறு பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் காப்புக்காட்டிலிருந்து எதைத் தூக்கினாலும் வனச் சட்டம் பாயும். கோட்டைப் பாறைகள் தொல்லியல் துறை வசம். சட்டத்தை விடுங்கள். எம்பரர் இருக்கிற தொட்டியிலேயே இன்னொன்றை விட்டால் மறுநாள் காலையில் எண்ணிக்கை பழையபடி ஒன்றுதான். தேளுக்குத் தேள் உணவு. தவிர, ஒன்றுக்கு ஈரம் வேண்டும், இன்னொன்றுக்கு வறட்சி வேண்டும். கத்திரி வெயிலில் செஞ்சிப் பாறைகள் கொதிக்கும்போது, கரண்ட் போன மத்தியான நேரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மழைக்காட்டுப் பிராணிக்கு என்ன ஆகும்? தொட்டிக்கு உள்ளிருந்து புகார் மனு வராது. அதுதான் எஜமானர்களின் பெரிய வசதி.

எதிர்த்தரப்பு வாதங்களையும் பார்த்துவிடுவோம். அது நியாயம்.

ஒன்று: 'நாய் வளர்க்கலாம், தேள் வளர்க்கக் கூடாதா?' நாய் பல ஆயிரம் வருஷமாக மனிதனோடு ஒட்டிக்கொண்டு வந்த ஜீவன். உங்களைத் தெரியும். நீங்கள் ஊருக்குப் போனால் சாப்பிடாது. தேளுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. ஒருதலைக் காதலுக்குக் கண்ணாடிச் சிறை எதற்கு?

இரண்டு: 'காட்டில் பிடித்ததில்லை, தொட்டியிலேயே பிறந்தது.' இது நல்ல வாதம். நிஜமாகவே தொட்டியில் பிறந்து, ரசீதும் பதிவும் சரியாக இருந்தால் என் குற்றச்சாட்டில் பாதி விழுந்துவிடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேள் குட்டியின் நெற்றியில் 'தொட்டியில் பிறந்தது' என்று முத்திரை கிடையாது. விற்பவர் வாயால் சொல்வதுதான் சான்றிதழ். தங்கத்துக்கே ஹால்மார்க் கேட்கிற நாம், இதில் மட்டும் வாய்வார்த்தையை நம்புகிறோம். மீதிப் பாதிக் குற்றச்சாட்டு, அதாவது ஆபத்து, மருந்தின்மை, போரடித்தால் வாய்க்கால் ஓரம் கொண்டுபோய் விட்டுவிடுகிற பழக்கம், அப்படியே நிற்கிறது.

மூன்று: 'அறிவியல் ஆர்வம் வளரும்.' வளரட்டும், சந்தோஷம். பிரெஞ்சு நாட்டில் ஃபேபர் என்று ஒரு மேதை இருந்தார். பூச்சிகளின் வாழ்க்கையை எழுதியே உலகப் புகழ் பெற்றவர். தேளையும் தோட்டத்திலும் கண்ணாடிக் கூண்டிலும் வைத்துக் கவனித்தார். ஆனால் அவர் பார்த்தது தன் ஊர்க் கல்லுக்கு அடியில் கிடைத்த தேளை. ராத்திரி ராத்திரியாக லாந்தர் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அது எப்படி ஜோடி சேர்கிறது, எப்படிக் குட்டியைச் சுமக்கிறது என்று எழுதினார். அவருக்கு வேண்டியிருந்தது பொறுமை. கேடலாக் இல்லை.

அந்தப் பொறுமை இருக்கிறவர்களுக்கு என் யோசனை இது. இரண்டாவது தேளுக்கு எடுத்து வைத்த பணத்தில் ஒரு புற ஊதா டார்ச் வாங்குங்கள். ஜவுளிக்கடைக் கல்லாவில் ஐந்நூறு ரூபாய் நோட்டு நல்லதா என்று பார்க்கிற விளக்கு இருக்கிறதே, அதே சமாச்சாரம்தான். நிலா இல்லாத ராத்திரியில், காலில் பூட்ஸோடு, உங்கள் சொந்த வீட்டுக் கொல்லையில், வயல் வரப்பில் அடித்துப் பாருங்கள். கல் இடுக்கில் பச்சையாக ஒரு பொட்டு மின்னும். தொடாதீர்கள், எடுக்காதீர்கள், மிதிக்காதீர்கள். பத்து நிமிஷம் நின்று பாருங்கள். தொட்டியில் மூன்று மாதம் பார்க்காததை அங்கே பார்த்துவிடலாம். எங்கே மறைகிறது, எதைப் பிடிக்கிறது, மழைக்கு முன்னால் என்ன செய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது வகை வரைக்கும் பட்டியல் போட ஆசையா? அங்கேயே போடுங்கள். ஒரு பைசா செலவில்லை.

அதே டார்ச்சை வீட்டுக்குள்ளும் அடியுங்கள். குழந்தை படுக்கிற பாய்க்கு அடியில், ஸ்கூல் ஷூவுக்குள், விறகு அடுக்கின மூலையில். பக்கத்துத் தெரு ஓட்டு வீட்டுக்காரர்களுக்கும் போய் அடித்துக் காட்டுங்கள். யாரையாவது தேள் கொட்டிவிட்டால் கத்தியால் கீறாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்கிறேன் என்று மணிக்கணக்கில் உட்காராதீர்கள். நேரே ஆஸ்பத்திரி. அதுவும் குழந்தை என்றால் ஒரு நிமிஷம் கூடத் தாமதம் கூடாது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து நம் கையில் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய்க் கட்டணம். 'வல்லம் ஒன்றியத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசோசின் மாத்திரை கையிருப்பு எவ்வளவு? தேள் விஷமுறிவு மருந்து எங்கே இருக்கிறது? ராத்திரி நேரத்தில் அதைக் கொடுக்கத் தெரிந்த ஆள் யார்?' இந்த மூன்று கேள்வியை எழுதி அனுப்புங்கள். பதில் வந்ததும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். சாதாரண மாத்திரை ஒன்று சரியான நேரத்தில் கிடைக்காமல் ஒரு குழந்தை போய்விடக் கூடாது என்பதற்கு ஊரில் யாராவது ஒருத்தர் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். தேள் மேல் இவ்வளவு ஆசை வைத்திருக்கிறவரை விட அதற்குப் பொருத்தமான ஆள் யார்?

முதல் தேளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். வாய்க்காலில் விடாதீர்கள். ஆப்பிரிக்காக்காரருக்கு இங்கே இடமும் இல்லை, அவரைத் தாங்கிக்கொள்ள இங்கே இருக்கிறவர்களுக்கும் தெரியாது. வனத்துறையிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள், பதிவு பற்றிக் கேளுங்கள். அதுவரைக்கும் ஓட்டை நிழலில் வையுங்கள், மூடியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கூட்டி வந்தாயிற்று, ஆயுள் உள்ளவரை பொறுப்பு உங்களுடையது.

இரண்டாவதுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், அந்தப் பத்து ரூபாய் மனுவை அனுப்பிவிட்டீர்களா என்று மட்டும் யோசியுங்கள்.